வெறும் வயிற்றில் வேண்டாம்

தோரா ஜெப்சனுக்குக் கோபம் வந்தால் உருளைக்கிழங்கு துருவுவாள். அந்த வியாழக்கிழமை காலை பெரிய தட்டு நிறையத் துருவி முடித்தும் கை அடங்கவில்லை. அடுத்து வெங்காயத்தைப் பிடித்திருந்தாள். சற்று முன் வந்த தொலைபேசிதான் காரணம். பேசியவள் ரெனே ஆஸ்ட்லர், கேன்யன் டான் மாத்திரைக் கம்பெனி முதலாளியின் மனைவி.

"தோரா, நாளைக்குச் சாயங்காலம் கம்பெனி குடோன்ல கூட்டம். சீஸ் போட்டு நீ சுடற அந்த உருளைக்கிழங்கு கேசரோல் இல்லாம எங்கயாவது கூட்டம் நடக்குமா? ரெண்டு தட்டு கொண்டாந்துடு. மார்வாவைக் கூட்டிட்டு வர்றேன்னு கார்த் சொல்லிட்டாரு. அவளோட வீடியோவைத்தான் போடப் போறோம்."

"எந்த வீடியோ?"

"அதான், போன வருஷம் எடுத்தாங்களே. மாத்திரை சாப்பிட்டதும் எப்படித் தெம்பு வந்துச்சுன்னு பேசுவாளே, அது. பாத்தா கல்லுகூடக் கரையும்."

தோரா ஃபோனை வைத்துவிட்டாள். மார்வா அவளுடைய தங்கை, கார்த்தின் மனைவி. ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிறன்று மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய்ச் சக்கர நாற்காலியில் கிடக்கிறாள். பேச்சு போனவளின் பேச்சை எடுத்து ஊருக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சேஜ்வில் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யூட்டா மாநிலத்தில் மலையடியில் இருக்கிற அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். காபி குடிக்க மாட்டார்கள், டீ குடிக்க மாட்டார்கள், சாராயத்தை மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மூலிகை என்று சொல்லிவிட்டால் போதும், ஆண்டவரே பறித்துக் கையில் கொடுத்தது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு கேன்யன் டானில் வேலை. மீதிப் பேர் அந்த மாத்திரையை அக்கம்பக்கத்தில் விற்பவர்கள், வாங்குபவர்கள். மார்வா விற்பவர்களில் கெட்டிக்காரி. அவள் வீட்டு கராஜில் காரை நிறுத்த இடம் இருக்காது, அட்டைப்பெட்டிகள்தான் கூரை வரை நிற்கும்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு உபவாச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு சபையே உபவாசம் இருக்கும். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. காலையில் ஆராதனையில் யார் வேண்டுமானாலும் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லலாம். மார்வாவுக்கு அன்று பிள்ளைகள் வகுப்பும் இருந்தது, சாட்சியும் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் வயிறு, தலைச்சுற்றல். மாத்திரை சாப்பாடு இல்லையே, அதனால் உபவாசம் முறியாது என்று ஊர்ப் பெண்கள் பல காலமாகத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கின்படி இரண்டுக்கு நாலாகப் போட்டு, தண்ணீர் இல்லாமல் எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு வந்தாள். சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அழுகிறாள் என்று நினைத்து யாரோ காகிதக் கைக்குட்டை நீட்டினார்கள். அதற்குள் அவள் விழுந்துவிட்டாள்.

ப்ரோவோ ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவங்க தினம் எவ்வளவு காபி குடிப்பாங்க?" என்பதுதான். மார்வாவின் புருஷன் கார்த்துக்கு அந்த நிலைமையிலும் ரோஷம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுல காபியே கிடையாதுங்க."

தோரா மார்வாவின் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மா ஹுவாங் என்ற சீனத்துச் செடியும் கோலா கொட்டையும் இதில் இருக்கின்றன, ஒன்று ரத்த அழுத்தத்தை ஏற்றும், இன்னொன்று காபி செய்கிற வேலையைச் செய்யும், இரண்டையும் சேர்த்துப் பட்டினி வயிற்றில் தண்ணீர்கூட இல்லாமல் போட்டால் என்னவும் ஆகலாம் என்றார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தனக்கு வலுவான சந்தேகம் இருக்கிறது என்றும் சொன்னார். தோரா பாட்டிலைத் திரும்ப வாங்கிப் படித்தாள். ஒரு மலை, மலைக்குப் பின்னால் சூரியன், "இயற்கையின் தெம்பு, தினம் இரண்டு." அவ்வளவுதான். ஒரு ஷாம்பு பாட்டிலில்கூடக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறது.

இப்போது நவம்பர் முதல் வாரம், தொண்ணூற்று மூன்றாம் வருஷம். வரும் ஞாயிறு மறுபடியும் உபவாச ஞாயிறு. அதற்கு முன் யாராவது, வெறும் வயிற்றில் இதைப் போடாதீர்கள் என்ற ஒரு வரியைச் சொல்லியாக வேண்டும். தோராவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை நடை முடிந்ததும் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, நேரே கேன்யன் டான் ஆபீசுக்குப் போனாள். முதலாளி கெய்லன் ஆஸ்ட்லர் எழுந்து வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார், ஆப்பிள் ஜூஸ் கொண்டுவரச் சொன்னார். அந்த மனிதரிடம் இதுதான் ஆத்திரமூட்டும் விஷயம். நல்ல மனிதர். மார்வா விழுந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து அவள் வீட்டுப் புல்லைத் தன் கையால் வெட்டிக்கொடுக்கிறார்.

"ஒரே ஒரு வரி, பிரதர் ஆஸ்ட்லர். வெறும் வயித்துல சாப்பிடாதீங்கன்னு பாட்டில்ல போடுங்க. இடம் பத்தலேன்னா அந்த மலையைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

ஆஸ்ட்லர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு.

"சிஸ்டர் ஜெப்சன், நீங்க கேக்கறது எனக்குப் புரியாம இல்ல. ஆனா பாருங்க, நான் அந்த ஒரு வரியைப் போட்ட அன்னிக்கே வாஷிங்டன்காரன் வாசல்ல வந்து நிப்பான். ஆபத்துன்னு நீயே எழுதிட்ட, அப்ப இது மருந்துதான்னு சொல்லுவான். மருந்துன்னா வருஷக்கணக்கா சோதனை, கோடிக்கணக்குல செலவு. நான் கதவைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். இப்பவே பாருங்க, நாளைக்கு வைட்டமின் சி வாங்கக்கூட டாக்டர் சீட்டு கேப்பாங்களாம். அதைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டமே."

"வைட்டமின் சியை நீங்க மூட்டை மூட்டையா தின்னுங்க, எனக்கென்ன. நான் மா ஹுவாங்கைப் பத்திப் பேசறேன்."

"இன்னிக்கு மா ஹுவாங், நாளைக்குப் புதினா. இந்த அரசாங்கம் எங்க கொள்ளுத்தாத்தாவை நம்ம சபைக்காரர்னு ஊர் ஊரா ஓட விட்டு விரட்டின அரசாங்கம். ஒரு விரலைக் கொடுத்தா முழுக் கையையும் கேப்பான்."

"என்னோட கொள்ளுத்தாத்தாவையும்தான் விரட்டினான். ஆனா அவரு யாரோட தொண்டையிலயும் மாத்திரையைப் போடல."

ஆஸ்ட்லர் பெருமூச்சு விட்டார். "மார்வா தங்கமான பொண்ணு. நான் குத்தம் சொல்லல. ஆனா ரெண்டு போடச் சொன்னா நாலு போட்டாங்க. தண்ணியும் குடிக்கல. சுத்தியலால விரல்ல அடிச்சுக்கிட்டா சுத்தியலை விக்கக் கூடாதுன்னு சட்டம் போடுவீங்களா?"

"சுத்தியல் பட்டா வலிக்கும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும். அச்சடிக்க வேண்டாம், போங்க. நாளைக்குக் கூட்டத்துல வாயால சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை உபவாசத்துல யாரும் இதைப் போடாதீங்கன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னா கேப்பாங்க."

அவர் மேஜை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு, "ஜெபம் பண்ணிப் பாக்கறேன்," என்றார். எழுந்து கதவு வரை வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உருளைக்கிழங்கை மறந்துடாதீங்க," என்றும் சொன்னார். 

அங்கிருந்து தங்கை வீட்டுக்கு வண்டியை விட்டாள். கார்த் கேன்யன் டானில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். அன்று இரவு ஷிப்ட், அதனால் பகலில் வீட்டில் இருந்தான். மூத்த மகள் ஜானலீ, பத்தொன்பது வயது, கல்லூரியை விட்டுவிட்டு வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். கீழே இன்னும் மூன்று பிள்ளைகள். மார்வா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தின் நல்ல பாதி மலர்ந்தது.

"சாப்பிட்டியாடி?" என்று தோரா கேட்டாள்.

"சரி," என்றாள் மார்வா.

அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, பிள்ளை பெயரைக் கூப்பிட நினைத்தாலும் வாயில் வருவது "சரி" மட்டும். மூளையில் மற்ற சொற்கள் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதும் "சரி" வந்து விழ, அவள் கண்ணில் நீர் முட்டும். அதைத் தோரா பார்த்திருக்கிறாள்.

"அந்த வீடியோவைப் போட ஏன் ஒத்துக்கிட்ட?" என்று கார்த்தைக் கேட்டாள்.

கார்த் தரையைப் பார்த்தான். "அவரு கேட்டாரு தோராக்கா. நான் என்னன்னு மறுக்க? இவளுக்குக் கை கால் பழக்கற சிகிச்சை எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸ்ல ஓடுது. நான் நாளைக்கு வேலையை விட்டா அதுவும் போச்சு."

"அவ சம்மதம் கேட்டியா?"

"கேட்டேன். சரின்னா."

தோராவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அதற்குள் ஜானலீ ஒரு கையில் துணிக்கூடையும் மறு கையில் துடைப்பமுமாகக் கூடத்தைக் கடந்து போனாள். போகிற போக்கிலேயே அம்மாவின் வாயைத் துடைத்து, தலையணையை நிமிர்த்தி, அடுப்பை அணைத்தாள். அவள் உட்கார்ந்து தோரா பார்த்ததே இல்லை.

"கொஞ்சம் உக்காரேன் கண்ணு. ராத்திரி தூங்கறியா இல்லியா?"

"எனக்கு ரொம்பத் தூக்கமெல்லாம் வேண்டாம் பெரியம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இளைச்சுட்ட. ஆனா அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு," என்றாள் தோரா. கார்த்திடம் திரும்பி, "இந்தப் பொண்ணு இல்லேன்னா உன் குடும்பம் நடுத்தெருவுலதான். இவளைப் பாத்தாவது கத்துக்கோ," என்று திட்டிவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடோன் நிறைய ஆட்கள். மாத்திரை அடுக்கியிருந்த அலமாரிகளை எல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அரசாங்கம் நினைத்தது நடந்தால் இப்படித்தான் காலியாகக் கிடக்கும் என்று காட்டத்தான் அந்த ஏற்பாடு. நீள மேஜைகளில், மூலிகையில் அரசாங்கம் கை வைக்க முடியாதபடி ஒரு மசோதாவைக் கேட்டு வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள், ஏற்கெனவே அச்சடித்தவை, கையெழுத்துப் போட்டால் போதும். பேனாவும் தபால்தலையும் கம்பெனி உபயம். துணிக்கு இந்தப் பக்கம் கேசரோலும் பச்சை ஜெல்லியும் வரிசையாக இருந்தன. தோரா தன் இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று கேட்டால், அந்த ஊரில் பிறந்தவள் வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போக மாட்டாள், அவ்வளவுதான்.

விளக்கை அணைத்து வீடியோவைப் போட்டார்கள். திரையில் மார்வா வந்தாள். நீலச் சட்டை, சுருட்டிவிட்ட முடி, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேச்சு.

"நாலு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு மத்தியானம் ஆனா நான் பொணம் மாதிரி கிடப்பேன். இப்ப? எங்க வீட்டுக்காரரு என்னைப் பிடிச்சு உக்கார வெக்க வேண்டியிருக்கு." திரையில் சிரித்தாள். "இது வெறும் மூலிகைதாங்க. உங்க தோட்டத்துல முளைக்கறது மாதிரி."

தோரா பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த மார்வா வாயைப் பிளந்து, தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கை மட்டும் திரையில் ஆடும் கையைப் போலவே மடியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பல பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

விளக்கு வந்ததும் ஆஸ்ட்லர் மைக்கை எடுத்துக்கொண்டு மார்வாவின் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"சிஸ்டர் மார்வாவுக்கு என்ன சோதனை வந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த மகளோட விசுவாசம் அசையல. மார்வா, நம்ம சுதந்திரத்துக்காக நாங்க எழுதப் போறோம். நீங்க எங்ககூட நிக்கறீங்கதானே?"

மைக்கை அவள் வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"சரி," என்றாள் மார்வா.

குடோன் அதிரக் கை தட்டினார்கள். ஒருத்தி எழுந்து நின்று தட்டினாள், அப்புறம் எல்லாருமே எழுந்தார்கள். மார்வாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து, கோணின உதட்டுப் பக்கம் இறங்கியது.

தோரா எப்படி முன்னால் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல், அதற்கு மைக் வேண்டியதில்லை.

"எல்லாரும் உக்காருங்க. மார்வா, என்னைப் பாருடி. நீ நிலாவுலதான பொறந்த?"

"சரி," என்றாள் மார்வா.

"உனக்கு வயசு நூறுதான?"

"சரி."

"பிரதர் ஆஸ்ட்லர் கொடுத்த மாத்திரைதான் உன்னை இப்படி ஆக்குச்சு. அப்படித்தான?"

"சரி."

 மார்வா அக்காவையே பார்த்தாள். அவளுடைய இடது கை மெல்ல உயர்ந்து தோராவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. தங்கையை ஊர் முன்னால் இப்படிப் பேச வைக்க வேண்டியிருக்கிறதே என்று தோராவுக்கு இருந்தது.

"கேட்டீங்கள்ல? அவகிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் எடுத்து விக்கறீங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க, போடாம போங்க, எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா நாளை மறுநாள் உபவாசம். உங்கள்ல பாதிப் பேரு அன்னிக்குக் காலையில..."

"நாம ஜெபிப்போம்," என்றார் ஆஸ்ட்லர்.

மெதுவாக, மரியாதையாக, மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து, "எங்கள் பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணமே குடோன் முழுவதும் கைகள் மார்பில் கட்டிக்கொண்டன, தலைகள் தாழ்ந்தன, கண்கள் மூடின. ஜெபம் நடக்கும்போது அந்த ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை. நடக்கத் தெரிவதற்கு முன் கற்றுக்கொடுக்கிற பழக்கம் அது. தோராவின் வாய் திறந்தபடியே நின்றது, பிறகு மூடியது. அவள் கைகள் தாமாகவே எழும்பி மார்பில் கட்டிக்கொண்டன. தலையும் குனிந்துவிட்டது. தன் உடம்பே தனக்குத் துரோகம் செய்ததை மூடிய கண்ணுக்குள் உணர்ந்தபடி, அவர் மார்வாவுக்காகவும் தேசத்துக்காகவும் மூலிகைகளுக்காகவும் நீளமாக ஜெபித்து முடிக்கும் வரை அப்படியே நின்றாள். கடைசியில் எல்லாரும் ஆமென் சொன்னபோது அவளும் சொன்னாள்.

கண்ணைத் திறந்தால் சாப்பாட்டு வரிசை கிளம்பிவிட்டது. பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "பாவம், உனக்கு எவ்வளவு கஷ்டம்," என்றார்கள். ரெனே அவள் கேசரோலைப் பரிமாறிக்கொண்டே, "இந்தத் தடவை சீஸ் பிரமாதம் தோரா," என்றாள். ஆஸ்ட்லர் மைக்கில், "ஞாயிறு உபவாசத்தை நம்ம மசோதாவுக்காகக் காணிக்கையாக்குவோம், எல்லாரும் பூரணமா இருங்க," என்று கேட்டுக்கொண்டார். பூரணமாக என்றால் தண்ணீரும் இல்லாமல். வெறும் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தோரா பாதி காலியான தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மீதியைக் குடோன் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

சனிக்கிழமை முழுவதும் அவள் ஒன்றையே நினைத்தாள். ஜெபத்தை யாரும் மறிக்க முடியாது. சரி. சாட்சியை மட்டும் யார் மறிக்க முடியும்? உபவாச ஞாயிறன்று மேடை எல்லாருக்கும் சொந்தம். கிறுக்கன் ஏறினாலும் இறங்கும் வரை உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

ஞாயிறு காலை, பீச் பழம் பதப்படுத்துகிற பெரிய கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி, ஒரு ரொட்டியையும் கண்ணாடிக் குவளையையும் பையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனாள். பிஷப் ஹாட்ச், மற்ற நாளில் குழாய் ரிப்பேர் செய்கிறவர், சாட்சி சொல்ல மேடையைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லி உட்காரவில்லை, அதற்குள் தோரா மைக் முன்னால் நின்றாள். ஜாடியை மேடை மேஜையின் மேல் ணங்கென்று வைத்தாள். குவளையில் தண்ணீர் ஊற்றி, எல்லாரும் பார்க்கக் கடகடவென்று குடித்தாள். சபை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"சிஸ்டர் ஜெப்சன்," என்று பிஷப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார், "இது சாட்சி சொல்ற இடம்."

"சாட்சிதான் பிஷப் சொல்றேன்." மைக்குக்குத் திரும்பினாள். "என் தங்கச்சி இதே எடத்துல நின்னுதான் விழுந்தா. அன்னிக்குக் காலையில பட்டினி வயித்துல, தண்ணி இல்லாம, கேன்யன் டான் போட்டுட்டு வந்தா. மாத்திரை உபவாசத்தை முறிக்காதுன்னு நம்ம பொம்பளைங்க கண்டுபிடிச்ச கணக்கு. அது முறிக்கறது உபவாசத்தை இல்ல. தலைக்குள்ள இருக்கற ரத்தக்குழாயை. பாட்டில்ல எழுதறேன்னு சொல்ல ஆள் இல்ல, கூட்டத்துல சொல்லவும் ஆள் இல்ல. அதனால நான் சொல்றேன். வெறும் வயித்துல அதைப் போடாதீங்க. இன்னிக்குக் காலையில போட்டுட்டு வந்தவங்க இங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும். வெக்கப்படாம வந்து தண்ணி குடிங்க, ரொட்டி தின்னுங்க. நெஞ்சு படபடன்னா ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி ஓட்டறேன். உங்க உபவாசம் முறிஞ்ச பாவம் என் தலையில."

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஆஸ்ட்லர் வருத்தமான முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரெனே மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள். ஒரு குழந்தை எங்கோ சிணுங்கியது.  இப்படியே உட்கார்ந்து, இப்படியே செத்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கத்தான் தோரா வாயைத் திறந்தாள்.

பின்வரிசையில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. மார்வாவின் சக்கர நாற்காலி நிற்கிற வரிசை அது. அங்கிருந்து ஜானலீ எழுந்து நடுப்பாதையில் வந்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்திலும் அதே வெளுப்பு. மேடைப் படியில் கால் தடுக்கி, சமாளித்துக்கொண்டு ஏறினாள். குவளையைப் பிடித்தபோது கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. தோரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி விரலுக்கு அடியில் வெறி பிடித்த மாதிரி துடித்தது.

"எவ்வளவு போட்ட?"

"நாலு, பெரியம்மா."

"எப்போலேருந்து?"

"அம்மா விழுந்ததுலேருந்து. கராஜ்ல பெட்டி பெட்டியா இருக்குல்ல. அது இல்லாம என்னால எழுந்திருக்கவே முடியல."

மைக் திறந்துதான் இருந்தது. அதனால் சபையே கேட்டது. தோரா வாரக்கணக்காகப் புகழ்ந்த உழைப்பு, அழகென்று சொன்ன அந்த இளைப்பு. அவள் இத்தனை நாள் ஊரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள், அந்த மாத்திரையோ தங்கை வீட்டுக் கூடத்தில் துணிக்கூடையோடு அவள் கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தது. அதை நினைத்து அழ இப்போது நேரமில்லை. ஜானலீ தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை குவளையைத் தானும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு அவளை அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். ஜாடியையும் ரொட்டியையும் மேடையிலேயே விட்டுவிட்டாள்.

நடுப்பாதையில் பாதி தூரம் வந்தபோது கார்த் எழுந்து நின்றுகொண்டிருந்தான், என்ன செய்வதென்று தெரியாமல். மார்வா மகளைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. எவ்வளவு முயன்றாலும் என்ன வரும் என்று அவளுக்கே தெரியும் போல, கடைசியில் அந்தச் சொல்லையும் சொல்லாமல் உதட்டை இறுக மூடிக்கொண்டு, நல்ல கையால் நாற்காலிச் சக்கரத்தை அடித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தம் சபை முழுக்கக் கேட்டது.

ஆஸ்ட்லர் அதற்குள் வேகமாக வந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது. நிஜமாகவே வெளிறியிருந்தது, அதைத் தோரா மறுக்க மாட்டாள்.

"நானும் வரட்டுமா சிஸ்டர்? என் வண்டி வாசல்லயே நிக்குது."

தோரா நின்றாள். பின்னால் இன்னொரு பெஞ்சு கிரீச்சிட்டது. அதற்கு அப்பால் இன்னொன்று. யாரோ மேடைப் பக்கம் நடக்கும் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"நீங்க வர வேண்டாம்," என்றாள். "கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க. இன்னும் ஆளு வருது."